55 வயதில் ஓய்வு: டோனி பென்னட் ஏன் எழுந்து போனார்?

2024 அக்டோபர் 18 அன்று, அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உள்ள ஜான் பால் ஜோன்ஸ் அரங்கில் டோனி பென்னட் செய்தியாளர்களைச் சந்தித்தார். ஆடவர் கூடைப்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் அவர். வயது 55. புதிய சீசன் தொடங்க மூன்று வாரம்கூட இல்லை. நான்கு மாதம் முன்புதான், ஜூனில், ஒப்பந்தத்தை 2030 வரை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். நிர்வாகம் அவரைப் போகச் சொல்லவில்லை, ரசிகர்களும் சொல்லவில்லை. இந்தச் சூழலில் இந்த அணியை நடத்த இனி நான் சரியான ஆள் இல்லை என்று அவரே சொன்னார். அரைமனதோடு இந்த வேலையில் உட்கார்ந்திருப்பது பல்கலைக்கழகத்துக்கும் மாணவர்களுக்கும் செய்யும் துரோகம் என்பது அவர் வாதம். பேசும்போது பலமுறை குரல் உடைந்தது.

போனது சாதாரண ஆள் அல்ல. வர்ஜீனியாவில் 15 சீசன்கள், 364 வெற்றிகள், 136 தோல்விகள். அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றிலேயே அதிக வெற்றி கண்ட பயிற்சியாளர். டியூக், வட கரோலினா போன்ற ஜாம்பவான்கள் ஆடும் ஏ.சி.சி. பிரிவில் ஆறு முறை லீக் சுற்றில் முதலிடம் பிடித்தவர். 2019இல் தேசியச் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். அவருக்கு முன்பு அந்தப் பட்டத்தை வர்ஜீனியா வென்றதே இல்லை.

செய்தி வந்த அன்றே ஒரு விளக்கம் தயாராகிவிட்டது: கல்லூரி விளையாட்டில் பணம் புகுந்துவிட்டது, நல்ல மனிதர் ஒதுங்கிக்கொண்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பாதி உண்மைதான், மீதிப் பாதியை மறைத்தும் விடுகிறது. கல்லூரி விளையாட்டில் பணம் புதிதாகப் புகவில்லை. அது பல காலமாக அங்கேதான் இருந்தது, ஆடுகிறவர்களின் கைக்குப் போகாமல் இருந்தது, அவ்வளவுதான். பென்னட்டும் அதைத் தெளிவாகச் சொன்னார். மாணவர்கள் வருமானத்தில் பங்கு பெறுவது சரியே, என்னைத் தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள் என்பதை அழுத்திச் சொன்ன பிறகுதான் அவர் தன் கவலைகளுக்கே வந்தார். அவர் இழந்தது வேறொன்று. அவருடைய பயிற்சி முறை முழுக்க ஆண்டுக்கணக்கான காலத்தின் மேல் கட்டப்பட்டிருந்தது. அந்தக் காலம்தான் அவர் கையை விட்டுப் போனது.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து எவ்வளவு பெரிய வணிகம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் 68 அணிகள் மோதும் நாக்அவுட் தொடர் நடக்கிறது. ஒரு தோல்வி, கதை முடிந்தது. 'மார்ச் மேட்னஸ்' என்று அழைக்கப்படும் இந்தத் தொடரின் ஒளிபரப்பு உரிமைக்கு சி.பி.எஸ்., டர்னர் நிறுவனங்கள் 2010இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. 2016இல் இன்னும் எட்டு ஆண்டுகளுக்கு 880 கோடி டாலர் சேர்த்து, 2032 வரை நீட்டித்தார்கள். பெரிய பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்கள் ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர் சம்பளம் வாங்குகிறார்கள். ஆடுகிற மாணவர்களுக்கோ கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு. அதற்கு மேல் வெளியே யாராவது ஒரு வேளை விருந்து கொடுத்தால்கூட விதிமீறல் என்ற நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. இந்த அமைப்பை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அதற்கு வைத்திருந்த பெயர் 'அமெச்சூர்' நெறி.

அடுத்தது, அணி மாறுவது. 2021 வரை ஒரு கூடைப்பந்து மாணவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால், பொதுவாக அங்கே ஓராண்டு ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பயிற்சியாளருக்கு அந்தத் தடை கிடையாது. பென்னட்டே 2009இல் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தை விட்டு வர்ஜீனியாவுக்கு வந்தபோது அவரை யாரும் ஓராண்டு காத்திருக்கச் சொல்லவில்லை. அவரை நம்பி அங்கே சேர்ந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். இது அநியாயம். ஆனால் பென்னட் போன்றவர்கள் கட்டிய அழகான அணிகளெல்லாம் இந்த அநியாயத்தின் மேல்தான் நின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவரை மனதார ரசிக்கிற என் போன்றவர்களுக்கு இது கசப்பான உண்மை.

அவருடைய அணி எப்படி ஆடும் என்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். பென்னட்டின் தடுப்பாட்டத்துக்கு 'பேக் லைன்' என்று பெயர். வடிவமைத்தவர் அவருடைய தந்தை டிக் பென்னட். மூன்று புள்ளி வளைவுக்கு இரண்டடி உள்ளே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வளைவு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பந்து யார் கையில் இருக்கிறதோ அவரை ஒருவர் மட்டும் வெளியே போய் நெருக்குவார். மற்ற நான்கு பேரும் அந்த உள்வளைவுக்குள் ஒதுங்கி நிற்பார்கள். பந்தோடு உள்ளே புக முயல்கிறவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மார்பு எதிரே நிற்கும். அவர் பந்தை வெளியே இருப்பவருக்குத் தட்டிவிட்டால், ஐந்து பேரும் ஒரே நொடியில் இடம் மாற வேண்டும். பந்தை வாங்கியவரை நோக்கி ஒருவர் ஓட வேண்டும், அதுவும் கடைசி இரண்டு எட்டில் காலைக் குறுக்கி, கையைத் தூக்கி, எறியவும் விடாமல் கடந்து போகவும் விடாமல் நிற்க வேண்டும். அதற்குள் அவர் விட்டு வந்த இடத்தை இன்னொருவர் நிரப்பியிருக்க வேண்டும். ஐவரில் ஒருவர் அரை நொடி தாமதித்தால் மொத்தமும் பொத்தல். 30 நொடிக்கு ஒருமுறை இதையெல்லாம் மறுபடி செய்ய வேண்டும்.

பள்ளியில் நட்சத்திரமாக இருந்துவிட்டு வரும் 18 வயதுப் பையனுக்கு இது ஒரு மாதத்தில் வராது. உயரமும் வேகமும் போதாது. பக்கத்தில் நிற்பவர் எப்போது நகர்வார் என்பது உடம்புக்கே பழக வேண்டும். அதனால் பென்னட் ஒரு பழைய வழியை மற்றவர்களைவிட அதிகமாக நம்பினார். 'ரெட்ஷர்ட்' என்பார்கள். மாணவர் ஓராண்டு முழுக்க அணியோடு பயிற்சி செய்வார், ஒரு போட்டியிலும் ஆட மாட்டார். ஆடத் தகுதியுள்ள நான்கு ஆண்டுகளில் அந்த ஆண்டு கழிந்துபோகாது. டி'ஆண்ட்ரே ஹன்டர் 2016-17 சீசன் முழுவதும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். மமாடி டியாகிட்டே 2015-16இல் உட்கார்ந்தார். ஜே ஹஃப்பும் ஓராண்டு உட்கார்ந்தார். மால்கம் பிராக்டன் காயத்தால் 2012-13 சீசனை முழுதாக இழந்தார், பிறகு ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து, 2016இல் ஏ.சி.சி.யின் சிறந்த வீரர் ஆனார். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் வீரர் தேர்வில் இரண்டாம் சுற்றில் 36ஆவது ஆளாக எடுக்கப்பட்டு, 2017இல் அங்கே சிறந்த புதுமுக வீரர் விருதையே வாங்கினார். முதல் சுற்றில் தேர்வான அத்தனை பேரையும் தாண்டி வாங்கிய விருது அது.

இப்படி வளர்ந்த அணிதான் 2018 மார்ச் 16 அன்று சார்லட் நகரில் அமெரிக்காவே சிரிக்கும்படி தோற்றது. இந்தத் தொடரில் அணிகளை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் 1 முதல் 16 வரை தரவரிசை தருவார்கள். 16 என்றால் கடைசி. வர்ஜீனியா அந்தத் தொடரின் ஒட்டுமொத்த முதல் தரவரிசை அணி. எதிரணி யு.எம்.பி.சி., அதாவது மேரிலாந்து பால்டிமோர் கவுன்டி பல்கலைக்கழகம், 16ஆம் தரவரிசை. ஆடவர் தொடரில் அதுவரை 135 முறை முதல் தரவரிசை அணியும் 16ஆம் தரவரிசை அணியும் மோதியிருந்தன. 135 முறையும் பெரிய அணியே ஜெயித்தது. அன்று இடைவேளையில் 21-21. முடிவில் 74-54. இரண்டாம் பாதியில் மட்டும் யு.எம்.பி.சி. 53 புள்ளிகள் எடுத்தது. கை முறிந்திருந்த ஹன்டர் ஆடவில்லை. அதை ஒரு சாக்காகப் பென்னட் சொல்லவில்லை. மேடைக்கு வந்து, எதிரணி நம்மைவிட நன்றாக ஆடியது என்று ஒப்புக்கொண்டு, தன் மாணவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவமானத்தை வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு நடந்தது விளையாட்டு வரலாற்றில் அபூர்வம். தோற்ற அணியின் முக்கிய ஆட்கள் பெரும்பாலும் அப்படியே திரும்பி வந்தார்கள். கைல் கை, டை ஜெரோம், ஹன்டர், டியாகிட்டே. 2019 மார்ச் 30, லூயிவில் நகரில் பர்டூ அணிக்கு எதிராகக் கடைசி நொடிகள். 70-68 என வர்ஜீனியா பின்தங்கியிருக்கிறது. ஜெரோமின் ஃப்ரீ த்ரோ வளையத்தில் பட்டு வெளியே வருகிறது. டியாகிட்டே எட்டித் தட்டிய பந்து தங்கள் பக்கத்துப் பாதிக்கே உருண்டு போகிறது. முதலாண்டு மாணவரான குள்ளமான கிஹெய் கிளார்க் ஓடிப்போய் அதை எடுக்கிறார். பக்கத்தில் கை நீட்டிய ஜெரோமுக்குக் கொடுக்கவில்லை. தூரத்தில் நின்ற டியாகிட்டேவைப் பார்த்து நேராக வீசுகிறார். டியாகிட்டே எறிகிறார், மணி அடிக்கும்போது பந்து காற்றில், உள்ளே. 70-70. கூடுதல் நேரத்தில் 80-75 என வர்ஜீனியா வென்றது. அரையிறுதியில் ஆபர்ன் அணிக்கு எதிராக 0.6 நொடி மிச்சமிருக்க கைல் கை மூன்று ஃப்ரீ த்ரோக்களையும் போட்டு 63-62. ஏப்ரல் 8 அன்று மினியாபொலிஸில் இறுதி ஆட்டம், டெக்சஸ் டெக் எதிரணி. தோல்வி வாசலில் நின்றபோது மூலையிலிருந்து மூன்று புள்ளி எறிந்து ஆட்டத்தைச் சமன் செய்தவர் ஹன்டர். முடிவு 85-77. ஹன்டருக்கு 27 புள்ளிகள். இரண்டு சீசன் முன்பு ஓராண்டு முழுக்கச் சும்மா உட்கார வைக்கப்பட்ட அதே பையன்.

அந்த ஆண்டு செப்டம்பரில் பல்கலைக்கழகம் சம்பளத்தை உயர்த்த முன்வந்தபோது பென்னட் வேண்டாம் என்றார். அந்தப் பணத்தை உதவிப் பயிற்சியாளர்களுக்கும் அணியின் தேவைகளுக்கும் பயன்படுத்தச் சொன்னார். அவரும் மனைவி லாரலும் மாணவர்களின் எதிர்கால வேலைவாய்ப்புத் திட்டத்துக்கு 5 லட்சம் டாலர் தந்தார்கள். இவரைப் 'பணத்தைக் கண்டு ஓடியவர்' என்றோ 'மாணவர்களுக்குப் பணம் போவது பிடிக்காதவர்' என்றோ எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடக்கூடாது.

இதற்கிடையில் விதிகள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தன. 1995இல் யு.சி.எல்.ஏ. சாம்பியன் அணியில் ஆடிய எட் ஓ'பேனன், பிற்பாடு ஒரு வீடியோ கேமில் தன்னையே அச்சு அசலாகப் பார்த்தார். அவருக்கு அதில் ஒரு சல்லிக்காசு வரவில்லை. 2009இல் வழக்குப் போட்டார். அந்த வழக்கு திறந்த கதவு பிறகு மூடவே இல்லை. 2018 அக்டோபரில் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்ற பட்டியல் வந்தது. அணி மாற விரும்பும் மாணவர் அதில் பெயர் போட்டுவிட்டால் போதும், எந்தப் பயிற்சியாளரும் அவரோடு பேசலாம். 2021 ஏப்ரலில் ஒருமுறை மாறினால் உட்கார வேண்டியதில்லை என்று விதி மாறியது. அதே ஆண்டு ஜூன் 21 அன்று, மாணவ வீரர்களுக்குத் தரும் கல்விச் சலுகைகளுக்கு வரம்பு வைத்ததை எதிர்த்த ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வேறு எந்தத் தொழிலிலும் இப்படி ஒரு வணிக முறை அப்பட்டமான சட்டமீறலாகவே இருக்கும் என்று நீதிபதி கேவனா தனியே எழுதினார். பத்து நாளில், ஜூலை 1 அன்று, மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் பயன்படுத்திச் சம்பாதிக்கலாம் என்று என்.சி.ஏ.ஏ. இறங்கி வந்தது. என்.ஐ.எல். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 2024 ஏப்ரலில், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் உடனே மாறி ஆடலாம் என்றாயிற்று.

தனித்தனியாகப் பார்த்தால் இதில் எந்த மாற்றத்தையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒவ்வொன்றும் மாணவருக்கு உரியதை மாணவருக்குத் தந்தது. ஆனால் எல்லாம் சேர்ந்து வந்தபோது ஒரு விநோதமான சந்தை உருவானது. என்.ஐ.எல். என்பது விளம்பர வருமானத்துக்காக வந்தது. நடைமுறையில் பல்கலைக்கழகத்தின் பணக்கார ரசிகர்கள் ஒன்றுகூடி நிதி சேர்த்து, வீரர்களுக்குக் கிட்டத்தட்டச் சம்பளமாகவே கொடுத்தார்கள். அதற்கு உச்சவரம்பு இல்லை. பெரும்பாலும் ஓராண்டு ஏற்பாடு. ஆண்டு முடிந்ததும் எல்லோரும் எங்கு வேண்டுமானாலும் போகலாம். தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில்கூட இப்படி இல்லை. அங்கே பல ஆண்டு ஒப்பந்தம் உண்டு, சம்பள வரம்பு உண்டு, வீரர் சங்கம் உண்டு. தொழில்முறை விளையாட்டின் சுதந்திரம் கல்லூரிக்கு வந்தது, அதன் ஒழுங்கு மட்டும் வரவில்லை. 2024இல் போர்ட்டல் திறந்தது மார்ச் 18. நாக்அவுட் தொடருக்கான அணிகள் அறிவிக்கப்பட்ட மறுநாள். ஆண்டின் மிக முக்கியமான ஆட்டங்களுக்குத் தயாராகும் அதே வாரத்தில் பயிற்சியாளர் அடுத்த ஆண்டின் அணிக்குப் பேரமும் பேச வேண்டும், இருக்கிறவர்கள் போய்விடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சந்தையில் ரெட்ஷர்ட் என்ன ஆகும்? ஓராண்டு ஆடாமல் இரு, கற்றுக்கொள், மூன்றாம் ஆண்டில் நீ வேறு ஆளாக இருப்பாய் என்று பென்னட் சொன்னால், அந்தப் பையனின் ஏஜென்ட் மறுநாளே இன்னொரு பல்கலைக்கழகத்தின் தொகையோடு வருவார். ஏழைக் குடும்பத்துப் பையன் என்றால் அந்தத் தொகையை விடச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? பையன் செய்வது சரி. பயிற்சியாளர் சொன்னதும் சரி. இரண்டும் ஒன்றாக நடக்க வழியில்லை.

பென்னட் தன் செய்தியாளர் சந்திப்பில் இதைத்தான் வேறு சொற்களில் சொன்னார். பழைய முறையில் இந்த வேலையைச் செய்யத்தான் தனக்குத் திறன் இருந்தது, தான் அப்படிப்பட்ட ஆள் என்றார். கல்லூரி விளையாட்டு ஆரோக்கியமாக இல்லை என்றார். சம்பளத்துக்கு வரம்பு, கூட்டுப் பேரம், அணி மாறுவதற்கு ஒழுங்கு, ஏஜென்ட்களின் தலையீட்டுக்குக் கட்டுப்பாடு ஆகியவை வேண்டும் என்றார். கூட்டுப் பேரம் வேண்டும் என்று ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் வாய்விட்டுச் சொன்னதை நான் பெரிதாக நினைக்கிறேன். மாணவர்களைத் தொழிலாளர்களாக ஏற்றால்தானே கூட்டுப் பேரம்?

ஆனாலும் விதிகள் மட்டுமே அவரைத் தள்ளவில்லை. 2019 பட்டத்துக்குப் பிறகு தேசியத் தொடரில் வர்ஜீனியா ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. 2020 தொடர் கொரோனாவால் ரத்தானது. 2021இல் 13ஆம் தரவரிசை ஒஹாயோவிடம் தோல்வி. 2022இல் தொடருக்கே தகுதி இல்லை. 2023இல் ஃபர்மன் என்ற சிறிய பல்கலைக்கழகத்திடம் 68-67. அந்தத் தோல்வியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இரண்டு புள்ளி முன்னிலை, சில நொடிகள் மிச்சம், மூலையில் இருவர் மடக்கிவிட, பந்தை வைத்திருந்தவர் பதற்றத்தில் தூர வீசினார். எதிரணி பிடித்தது, மூன்று புள்ளி, தோல்வி. வீசியவர் அதே கிஹெய் கிளார்க். 2019இல் வரலாற்றுப் புகழ்பெற்ற அந்தப் பாஸைக் கொடுத்தவர், அப்போது ஐந்தாம் ஆண்டு மாணவர். 2024 மார்ச் 19 அன்று டேட்டனில் கொலராடோ ஸ்டேட்டிடம் 67-42. முதல் பாதியில் வர்ஜீனியா எடுத்தது 14 புள்ளிகள். பென்னட் பயிற்சியாளராக இருந்த கடைசி ஆட்டம் அது. மெதுவான, இறுக்கமான அந்த ஆட்டமுறையில் கூர்மையாக எறியும் அனுபவசாலிகள் இல்லாவிட்டால் எதுவுமே இல்லாமல் போகும் ஆபத்து எப்போதும் இருந்தது. வீரர்கள் வந்து போகும் காலத்தில் அந்த ஆபத்து அடிக்கடி நிஜமானது.

இன்னொன்றும் இருக்கிறது. பொறுமையாக அணி கட்டுவது அடியோடு முடியாமல் போய்விடவில்லை. பர்டூவின் மேட் பெயின்டரைப் பாருங்கள். 2023இல் அவருடைய முதல் தரவரிசை அணி ஃபேர்லி டிக்கின்சன் என்ற 16ஆம் தரவரிசை அணியிடம் 63-58 எனத் தோற்றது. ஆடவர் தொடரில் அப்படித் தோற்ற இரண்டாவது அணி. அடுத்த ஆண்டு அவருடைய நெடிய மையவீரர் ஜாக் ஈடி திரும்பி வந்தார், அணியும் பெரும்பாலும் கலையாமல் இருந்தது, இறுதி ஆட்டம் வரை போனார்கள். போர்ட்டலும் பணமும் அப்போதும் இருந்தன. ஹூஸ்டனின் கெல்வின் சாம்ப்சன் 2025இல், 69 வயதில், நெடுநாள் சேர்ந்து ஆடியவர்களை மையமாக வைத்தே இறுதி ஆட்டத்துக்குப் போனார். ஆகவே விதி எல்லோரையும் ஒரே மாதிரி அடிக்கவில்லை. கற்றுத் தருவதோடு ஆண்டு முழுக்கப் பேரமும் பேசும் புதிய வேலையை ஏற்கும் மனம் சிலருக்கு இருக்கிறது. பென்னட்டுக்கு இல்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை.

வில்லனோவாவின் ஜே ரைட்டும் இந்த வரிசையில் வருகிறார். 2016, 2018 என இரண்டு தேசியப் பட்டங்கள், 21 சீசன்களில் 520 வெற்றிகள். 2022இல் அணியை மீண்டும் அரையிறுதிக்குக் கொண்டுபோய், கன்சாஸிடம் தோற்று மூன்று வாரம் ஆவதற்குள், ஏப்ரல் 20 அன்று, 60 வயதில் விலகினார். முன்பெல்லாம் இயல்பாக வந்த வேகத்தை இப்போது தனக்குத் தானே ஊக்கம் சொல்லித் தூண்ட வேண்டியிருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். மயாமியின் ஜிம் லரான்யாகா 2024 டிசம்பர் 26 அன்று, சீசனுக்கு நடுவே, 75 வயதில் விலகினார். அவர் சொன்ன ஒரு தகவல் இந்தக் காலத்தை அப்படியே காட்டுகிறது. 2023இல் அணி அரையிறுதி வரை போன பிறகு நடந்த முதல் சந்திப்பிலேயே எட்டு வீரர்கள் போர்ட்டலில் பெயர் போடப்போவதாகச் சொன்னார்கள். இங்கே உங்களுக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டார். ரொம்பப் பிடிக்கும் என்றார்கள். வேறிடத்தில் கூடுதல் பணம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

உச்சத்தில் விலகுவது இவர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. மார்க்கெட் பல்கலைக்கழகத்தின் அல் மெக்வையர் 1977இல் தன் கடைசி ஆட்டத்தில் தேசியப் பட்டத்தை வென்றுவிட்டு 48 வயதில் போனார். ஆனால் அவர் அந்த முடிவைச் சில மாதம் முன்பே அறிவித்திருந்தார். அதில்தான் பென்னட்டின் மீது எனக்கு இருக்கும் ஒரே வருத்தமும் இருக்கிறது.

அக்டோபரில் போவது நியாயமா? அவரை நம்பி அந்தக் கோடையில் வந்து சேர்ந்த வீரர்கள் இருந்தார்கள். பல்கலைக்கழக வகுப்புகள் தொடங்கிவிட்டன. பயிற்சியாளர் விலகினால் வீரர்களுக்குப் போர்ட்டலில் 30 நாள் அவகாசம் உண்டுதான். ஆனால் அந்த நேரத்தில் எங்கே போய், யாருடைய அணியில் இடம் கேட்பது? பல்கலைக்கழகத்துக்கும் நாடு முழுக்கத் தேடிப் புதியவரை நியமிக்க நேரமில்லை. பென்னட்டின் நெடுநாள் உதவியாளர் ரான் சான்செஸ் இடைக்காலப் பொறுப்பேற்றார். பென்னட் இதை அறியாதவர் அல்ல. இலையுதிர்கால விடுமுறையில் மனைவியோடு இருந்து யோசித்தபோதுதான் முடிவு தெளிவானது என்றார். கோடையிலேயே யோசித்தும், இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கலாம் என்று நம்பியிருக்கிறார். அந்த நம்பிக்கை நேர்மையானது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் அந்த மாணவர்கள்.

இங்கே அவருடைய தந்தையின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. டிக் பென்னட் 2000இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைத் தேசிய அரையிறுதிக்குக் கொண்டுபோனார். அந்த அணிக்கு அது 59 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த பெருமை. அடுத்த சீசன் தொடங்கி மூன்றே ஆட்டங்கள் முடிந்திருந்த நிலையில், நவம்பர் 30 அன்று, இனி தன்னிடம் சக்தி இல்லை என்று விலகினார். அந்த அணியின் பயிற்சிக் குழுவில் இளைஞராக உட்கார்ந்திருந்தவர் டோனி. அவர் ஏற்கெனவே தந்தையிடம் கிரீன் பே அணியில் ஆடியவர். மூன்று புள்ளி எறிதலில் 49.7 சதவீதம் என்ற அவருடைய கல்லூரிச் சாதனை பெரும் புகழ் பெற்றது. தந்தை மூன்றாண்டு ஓய்வுக்குப் பின் 2003இல் வாஷிங்டன் ஸ்டேட்டில் மீண்டும் பயிற்சியாளரானார். 2006இல் அந்தப் பொறுப்பு மகன் கைக்கு வந்தது. அங்கிருந்துதான் டோனியின் பெயர் பரவியது. மனம் முழுதாக இல்லாதபோது இந்த வேலையில் நிற்கக்கூடாது என்பதை அவர் புத்தகத்தில் படித்து அறிந்தவர் அல்ல, வீட்டிலேயே பார்த்தவர்.

தந்தைக்கு அன்று போர்ட்டலும் இல்லை, என்.ஐ.எல்.லும் இல்லை என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். இந்தத் தொழில் அன்றும் ஆட்களை உறிஞ்சித்தான் எடுத்தது. புதிய விதிகள் அதை வேகப்படுத்தியிருக்கின்றன. முன்பு ஓய்வுக்கும் மூச்சுக்கும் இருந்த கோடைக்காலம் இப்போது பேரச் சந்தையாகிவிட்டது.

பென்னட் போன பிறகு 2024-25 சீசனில் சான்செஸின் கீழ் வர்ஜீனியா 15 வெற்றி, 17 தோல்வி. வில்லனோவாவிலும் இதேதான் நடந்தது. ரைட்டின் இடத்துக்கு வந்த கைல் நெப்டியூன் மூன்று சீசன்களில் ஒருமுறைகூட அணியைத் தேசியத் தொடருக்குக் கொண்டுபோக முடியாமல், 2025 மார்ச்சில் வேலையை இழந்தார். திடீரென்று போகும் பெரிய மனிதருக்குப் பின்னால் வருகிறவர் படும் பாடு பற்றி இங்கே யாரும் அதிகம் எழுதுவதில்லை.

2025 ஜூன் 6 அன்று, வீரர்களின் வருமானத்தைத் தடுத்த விதிகளை எதிர்த்து என்.சி.ஏ.ஏ. மீது போடப்பட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் இறுதி ஒப்புதல் தந்தார். முன்னாள், இந்நாள் வீரர்களுக்கு நிலுவையாக ஏறக்குறைய 280 கோடி டாலர். ஜூலை 1 முதல் பல்கலைக்கழகங்கள் தாங்களே நேரடியாக வீரர்களுக்குப் பணம் தரலாம், முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். பென்னட் கேட்ட வரம்புகளில் ஒன்று, அவர் போன எட்டு மாதத்தில் வந்தது. ஆனால் வீரர்களுக்குச் சங்கம் இல்லை, கூட்டுப் பேரமும் இல்லை. அது இல்லாத வரை இந்த வரம்பையும் யாராவது நீதிமன்றத்தில் உடைக்கலாம். சங்கத்தோடு பேசி, இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்டு, வீரருக்கு உரிய பணத்தையும் கொடுத்துவிட்டால், ஓராண்டு உட்கார்ந்து கற்றுக்கொள் என்று ஒரு பயிற்சியாளர் மீண்டும் சொல்ல முடியும். ஹன்டர்களுக்கு அதில் நஷ்டம் இல்லை. இதைச் செய்யாமல், அமெரிக்க நாடாளுமன்றத்தில் தங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்டு என்.சி.ஏ.ஏ. அலைவது எனக்குப் பிடிக்கவில்லை.

வர்ஜீனியா 2025 மார்ச்சில் நிரந்தரப் பயிற்சியாளரை நியமித்தது. பெயர் ரையன் ஓடம். ஏழு ஆண்டு முன்பு, சார்லட் நகரில், யு.எம்.பி.சி. அணியின் பயிற்சியாளராக இருந்து பென்னட்டைத் தோற்கடித்தவர் அவர்தான். வந்த சில வாரங்களில் போர்ட்டலிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஆட்களை எடுத்தார். பெல்ஜியத்தைச் சேர்ந்த தைஸ் டி ரிடர், ஜெர்மனியைச் சேர்ந்த யோகான் க்ரூன்லோ. கிட்டத்தட்ட முழு அணியும் புதிது. ஒரே கோடையில் அணியைக் கட்டும் வேலை அது. பென்னட் செய்ய மாட்டேன் என்று சொன்ன வேலை.